கட்டண விவரம்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு
எனக்கு முன்னால் மூடுபனி வந்து
கடை கடையாக உட்கார்ந்திருக்கும்,
காசு கொடுக்காமல்.

சாக்கு விரித்தால் இருபது,
தார்ப்பாய் கட்டினால் நாற்பது,
லாரி உள்ளே வந்தால் நூறு.
பத்தொன்பது வருடமாக
இந்தச் சந்தையில் நான் பேசுவது இவ்வளவுதான்.

மேட்டுப்பாளையத்து மண்டிக்காரர்கள்
எங்கள் சரக்கை இங்கிலீஷ் காய் என்பார்கள்.
முட்டைக்கோஸுக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது.
படுக மொழியில் விலை சொன்னால் நிமிர்ந்து உட்காரும்,
கன்னடத்தில் கேட்டால் கொஞ்சம் இறங்கும்.
மாதியக்காவின் நூல்கோலுக்குத் தமிழும் தெரியும்,
வசவு மட்டும்.

சந்தைக்கு வயது நூற்றைம்பது என்று
இந்த வருடம் ஏதோ கோப்பில் கண்டுபிடித்தார்கள்.
"அடிக்கல் எங்கேய்யா?" என்றார் ஆணையர்,
நான் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பதுபோல.

துரைமார் கட்டிய சந்தை,
ஒரு துரையாவது கல் நட்டிருப்பாராம்.
மணிக்கூண்டின் அடியில் பார்த்தேன்: வெற்றிலைக் காவி.
உருளைக்கிழங்கு ஏலக் கொட்டகையில்
போஜன் தராசுக்கு முட்டுக் கொடுத்திருந்தது
வெறும் செங்கல்.
கழிப்பறைப் படி, கசாப்புக் கூடம், சாக்கடை மூடி.
வரிக்காரன் ஒரு நாள் முழுக்கக் குனிந்து நடந்ததை
பூண்டு மண்டியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கடைசியில் மீன் வரிசை.
"எண்ட வாப்பா காலம் தொட்டு
இதும்மேலதான் மத்தி வெட்டறது.
அடியில என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?"
என்றார் குஞ்ஞாமு.

நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினோம்.
மண்ணைப் பார்த்துக் குப்புறப் படுத்திருந்த முகம்.
கத்தி படாத எழுத்து.
துரை பெயர் இல்லை, தேதி இல்லை,
அடிக்கல்லே இல்லை.
மேலே ஆங்கிலம், கீழே தமிழ்:

தலைச்சுமை ஒன்றுக்குக் காலணா
மட்டக்குதிரை ஒன்றுக்கு ஓரணா
இரட்டை மாட்டு வண்டிக்கு மூன்றணா
வெறுங்கையாய் வருவோர்க்கு வரியில்லை

என் டிக்கெட் புத்தகத்தை
முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

செபமாலை கூட்டத்தை விலக்கி வந்து
நாலாவது வரியில் விரல் வைத்தாள்.
தலைமன்னாரில் கப்பல் ஏறி
மண்டபம் முகாமில் அட்டை வாங்கி
எழுபத்திரண்டில் மலைக்கு வந்தவள்.
முதல் செவ்வாய்க்கு
ஓடையோரம் பறித்த வல்லாரை
பதினோரு கட்டு பரப்பியிருக்கிறாள்.
"அன்னைக்கு இருந்த வரிக்காரன்
எங்கிட்ட எட்டணா வாங்கிட்டான்.
வட்டியோட கணக்குப் போடு" என்றாள்.

பதினோரு கட்டு இருந்ததே,
அது எப்படி வெறுங்கை என்றார் போஜன்.
பறித்தது யார் கை என்றாள் மாதியக்கா.
ஓடை யாருடையது என்றது ஒரு குரல்.
அரை மணி நேரம் ஒருவரும் எதுவும் விற்கவில்லை.
தீர்ப்பும் இல்லை.

ஆணையருக்கு ஏதோ ஒரு கல் போதும்.
ஷாம்பூ போட்டு மூன்று தரம் கழுவி
மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.
கோத்தர் குழல், ரோஜா மாலை, கரகரத்த மைக்.
பாரம்பரியம் என்று அவர் ஒன்பது முறை சொன்னார்.
பேச்சு முடியும்வரை
சந்தைப் பூனைகள் அத்தனையும்
கல்லைச் சுற்றி அசையாமல் உட்கார்ந்திருந்தன,
அழைப்பிதழ் பெற்றவை போல.

கல் இப்போது கண்ணாடிக்குள்.
குஞ்ஞாமுவுக்கு நகராட்சி
பளபளவென்று கிரானைட் கொடுத்தது.
மீன் வழுக்குகிறது என்று
தினமும் என்னைத்தான் திட்டுகிறார்.

செவ்வாய், ஐந்தரை.
சாக்கு இருபது, தார்ப்பாய் நாற்பது.
செபமாலை பத்தொன்பது ரூபாய் எண்ணி வைக்கிறாள்.
எட்டணாவின் வட்டி இன்னும் தீரவில்லையாம்.
எப்போது தீரும் என்று நான் கேட்பதில்லை.
டிக்கெட்டில் இருபது என்று எழுதி
மூடுபனி மறைக்கும்போதே
என் ஒரு ரூபாயைப் பைக்குள் போடுகிறேன்.