இடைவேளை, பதினோரு நிமிடம்

ஓஷ் நகரம். பிப்ரவரி. பேச்சின் மூன்றாம் நாள்.
மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள்:
மலையும் அணையும் எங்களுடையவை.
அந்தப் பக்கம் உஸ்பெக்குகள்:
பருத்தியும் எரிவாயுவும் அவர்களுடையவை.
கோடையில் அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும்,
குளிரில் எங்களுக்குச் சூடு வேண்டும்.
சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும்.
கோப்பு நாற்பத்திரண்டு பக்கம்.

நான் புருலாய், குறிப்பெடுப்பவள்.
இரு தரப்பும் பேசியது ரஷ்ய மொழியில்.
யாருக்கும் தாய்மொழி இல்லை,
அதனால் யாருக்கும் வலிக்காது.
தண்ணீரை நாங்கள் 'சூ' என்போம், அவர்கள் 'சுவ்'.
கடைசியில் உதடு கொஞ்சம் ஒட்டினால் போதும்,
எல்லை தாண்டிவிடும் சொல்.

அப்துமுத்தாலிப், அவர்களுடைய நீர்த்துறைக்காரர்,
உலர்ந்த பாதாமி ஒன்றை மெல்லாமல்
கன்னத்தில் ஒதுக்கியபடி
தன் எண்ணை விடாமல் பிடித்திருந்தார்.
எங்கள் தெமிர்பெக்கும் தன் எண்ணை விடவில்லை.
"எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை" என்றார்.
"இந்தக் குளிர்காலத்தைச் சமாளித்தாகிவிட்டது."

விளக்கு அணைந்தது.

யாரும் சிரிக்கவில்லை.
ஹீட்டர் மட்டும் சுவரோரம்
டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கைபேசி வெளிச்சம்
கொடிகளுக்கு மேலாக நீண்டு
என் தாளில் விழுந்தது.
"எழுது மகளே, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே."
அவர் பேசியது அவர் மொழி.
எனக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

இருட்டில் ரஷ்ய மொழி எங்கே போனதோ.
வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்றது ஒரு குரல்.
நிலக்கரி. கிடைக்காத நாளில் வறட்டி.
உங்களுக்குப் போன வருடம் எப்படி?
கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை.
என் தம்பி காய்ந்த பருத்தியை அப்படியே
உழுது மண்ணுக்குள் தள்ளிவிட்டான்.
எவ்வளவு வந்திருந்தால் பிழைத்திருக்கும்?

ஓர் எண் சொல்லப்பட்டது.
மூன்று நாளாக மேசையில் கிடந்த
இரண்டு எண்களும் அல்ல.
சிறியது. வெட்கப்படும் அளவுக்குச் சிறியது.
தாளில் வெளிச்சம் இருந்தது.
நான் பேனாவை மூடியிருந்தேன்.

மின்சாரம் வந்ததும் டைகளைச் சரிசெய்துகொண்டார்கள்.
"பதினேழாம் பிரிவு" என்றார் தெமிர்பெக், ரஷ்ய மொழியில்.
நான் எழுதினேன்:
இடைவேளை, பதினோரு நிமிடம்.
தொழில்நுட்பக் காரணம்.

அன்று கையெழுத்தாகவில்லை, மறுநாளும் இல்லை.
மார்ச்சில், வேறு ஊரில், வேறு பேனாக்கள்.
படித்துப் பார்த்தேன்.
அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
எங்கோ வந்து நின்றிருந்தார்கள்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று.
வெளிச்சம் காட்டிக் காட்டி
அப்துமுத்தாலிப்பின் கைபேசி செத்துப்போனது.
சார்ஜர் கேட்டார், கொஞ்சம் கூச்சத்தோடு.
மாலைவரை அது எங்கள் சுவரில் தொங்கி
எங்கள் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.
யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.