தொலைந்த விதம்

நான்கு பேருக்கு இரண்டு ஒளிச்சட்டை.
ஒன்று எஸ்.ஐ. மேலே.
மற்றது துவைத்துத் துவைத்து
மின்னுவதை மறந்துவிட்டது. அது எனக்கு.
கையில் விளக்குத் தடி.
பேட்டரி இறங்கினால் பச்சை முதலில் சாகும்,
சிவப்பு கடைசிவரை கிடந்து துடிக்கும்.

தொப்பூர் இறக்கத்துக்குச் சற்று முன்னால்,
இரவு ஒன்று நாற்பது.
கீழே நின்றால் வருவது வண்டி இல்லை, வெறும் எடை.
அதனால் மேலேயே நிற்கிறோம்.
இரும்புத் தடுப்பில் நகைக்கடைக்காரர் எழுதியிருக்கிறார்:
செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.

பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம்.
சல்யூட்டில் விரல் எந்தக் கோணம்,
துப்பாக்கியைப் பிரித்துக் கோக்க எத்தனை விநாடி,
எல்லாம் கேட்டார்கள்.
நிறுத்திய வண்டிக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று
ஒருவரும் கேட்கவில்லை. நானும்.

பாலக்கோட்டுத் தக்காளி, டெம்போ,
பின்விளக்கு இரண்டும் செத்திருந்தன.
ஓட்டுநர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.
திம்மராயன். உரிமம் நாள் கடக்கவில்லை.
நான் அவன் கைகளையே பார்த்தேன்.
அதை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்:
இருக்கைக்கு அடியில் கம்பி இருக்கலாம்,
கத்தி இருக்கலாம், கையைப் பார்.
அவன் விரலிடுக்கில்
தக்காளிச் செடியின் பச்சைக் கறை இருந்தது.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க நிக்காதீங்க மேடம். இந்தாண்ட வாங்க."

மடித்த நோட்டோடு
இருட்டுப் பக்கம் கூப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.
அதே குரல் என்றுதான் நினைத்தேன்.
கோபமாகத்தான் நடந்தேன், வண்டியின் முகப்பைச் சுற்றி,
திட்டுவதற்குச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டு.
சொல் கிடைக்கவில்லை,

பெங்களூர்ப் பேருந்து.
ஹாரன் இல்லை, பிரேக் இல்லை.
என் முதுகு இருந்த இடத்தை
அப்படியே எடுத்துக்கொண்டு போனது.
டெம்போவின் கண்ணாடி போயிற்று.
என் தொப்பி போயிற்று.
மேல் பெட்டியிலிருந்து ஒரு தக்காளி விழுந்து
உருண்டு வந்து
என் பூட்ஸ் பக்கத்தில் நின்றது.
எஸ்.ஐ. விசில் ஊதினார், ரொம்ப நேரம் கழித்து.

சாலைக்கு அப்பால் புளியமரத்தடியில்
ஒரு வேடியப்பன் கல் உண்டு.
ஒரு கையில் வில், மறு கையில் வாள், பக்கத்தில் மாடு.
எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து அடைந்துவிட்டது.
'தொறு மீட்டுப் பட்டான்' என்று இருக்கும் என்றாள்
படி எடுக்க வந்த கல்லூரிப் பெண்.
நான் பட்டிருந்தால்?
பின்விளக்கில்லாத் தக்காளி வண்டியை
மறித்துப் பட்டாள்.
கல்தச்சன் உளியை வைத்துவிட்டுச் சிரிப்பான்.
மாடாவது பால் கறக்கும்.

அபராதம் போட்டேன்.
விட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.
ஆனால் இறக்கம் முழுக்க அவனுக்குப் பின்னால்
இன்னும் எத்தனையோ பேருந்து வரும்.
இயந்திரம் சிக்னல் தேடிச் சுற்றியது.
ரசீதைப் படித்து மடித்துச் சொன்னான்:
"கண்ணாடி ஆயிரத்து இருநூறு ஆகும் மேடம்."
அதற்கு ரசீது போடும் இயந்திரம் என்னிடம் இல்லை.
எங்கள் ஜீப்பில் கிடந்த சிவப்பு ஒட்டுத்தாளைக் கிழித்து
அவன் வண்டியின் பின்பலகையில் ஒட்டினேன், கோணலாக.
டார்ச் பிடித்தது அவன்தான்.

இப்போதெல்லாம் இடப்பக்கம் நின்றே கேட்கிறேன்.
ஓட்டுநர்கள் தூங்கும் கிளீனர் மேல் சாய்ந்து
காகிதங்களை நீட்டுகிறார்கள்.
"என்னம்மா, பயமா?" என்கிறார் எஸ்.ஐ.
ஆமாம் சார்.

தொப்பி கிடைக்கவில்லை.
விடிந்ததும் பாதி இறக்கம்வரை நடந்து பார்த்தேன்.
புதியதுக்கு ஒரு படிவம்,
மூன்று பிரதி, கார்பன் வைத்து.
தொலைந்த விதம் என்று ஒரு கட்டம்,
அரை விரல் அகலம்.

காற்று, என்று எழுதினேன்.