லாம்

ஏழாவது சுற்றறிக்கை வந்தபோது
ஆறாவதை ஒட்டிய பசை காயவில்லை.
அதன் மேலேயே ஒட்டினேன்.
ஈரத்தில் கீழ்த்தாள் தெரிந்தது:
'அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும்' என்பதில்
மட்டும், மட்டும்.

நான் மூக்கில் குச்சி விடுகிறவள்.
ஆய்வக நுட்பநர், நிலை இரண்டு, ஒப்பந்தம்.
கொருக்குப்பேட்டைப் பள்ளியில்
நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவு என் கூடம்.
கரும்பலகையில் மார்ச் மாதத் தேதி,
யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு.
சரக்கு ரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் கதவுகள் இருமும்.

முதல் அறிக்கைக்கு
வெளிநாடு போய் வந்த காய்ச்சல் வேண்டும்.
எத்திராஜுக்கு இருந்தது உள்ளூர்க் காய்ச்சல்.
சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
'தடா வரைக்கும் இறால் லோடு போனேம்மா,
ஆந்திரா. அது கணக்குல வராதா?'
தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.
வெளிநாட்டுப் பயணம்: ஆம்.
நாடு: தடா.
எழுதிக் குச்சியை விட்டேன்.
ஏதோ ஒரு புள்ளிவிவரத்தில்
இன்றைக்கும் தடா ஒரு வெளிநாடு.

மூன்றாவது, ஆறாம் நாள் வரச் சொன்னது.
எதிலிருந்து ஆறு என்று சொல்லவில்லை.
புருஷன் இருமிய நாளா,
இருமியவனுக்குக் கஞ்சி கொடுத்த நாளா,
வீட்டு வாசலில் தகரம் அடித்த நாளா?
மெகருன்னிசா விரல் விட்டு எண்ணினாள்.
ஒவ்வொரு தடவையும் வேறு கிழமை வந்தது.

நான்கு, மூன்றை ரத்து செய்தது.
ஐந்து, நான்கின் பத்தி இரண்டை மட்டும் ரத்து செய்தது.
பத்தி இரண்டு எங்களுக்கு வந்த நகலில் இல்லை.

இப்போது ஏழு:
'தேவை எனக் கருதப்படும் நேர்வுகளில்
பரிசோதனை மேற்கொள்ளப்படலாம்.'
கவச உடைக்குள் முதுகில் வேர்வை ஓட
மூன்று முறை படித்தேன்.
கருதப்படும், யாரால்?
மேற்கொள்ளப்படும், யாரால்?
இரண்டு வினை. ஓர் ஆள் இல்லை.
கடைசியில் ஒரு லாம்.

'போலாம் ரைட்' என்று கண்டக்டர் சொன்னால்
பஸ் கிளம்பிவிடும்.
'பார்க்கலாம்' என்று மேஸ்திரி சொன்னால்
இந்த வாரம் கூலி இல்லை.
மழை வரலாம் என்றால் குடை உன் பாடு.
இது எந்த லாம்?

மண்டல அலுவலகத்துக்கு அடித்தேன்.
'படிச்சா புரியுமே மேடம்' என்றார்.
அவரே வாசித்தார், வேகமாக,
நேர்வுகளில் வந்து நின்றார்.
மின்விசிறிச் சத்தம் கேட்டது.
'சரி, அனுப்பிடுங்க.'
சாம்பிளையா சார், ஆளையா?
லைன் போயிருந்தது.

சகாயமேரியின் முடிவுத் தாளில்
'கண்டறியப்படவில்லை' என்றிருந்தது.
'இல்லன்னு வந்துடுச்சு!' என்று
மாஸ்க்கை இறக்கிச் சிரித்தாள்.
நாலு வீட்டு வேலைக்குத் திரும்பினாள்.
இரண்டும் ஒன்றில்லை என்று
ஏழில் ஒரு தாளும் அவளுக்குச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
என் பின்னால் வரிசை இருந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சாக்பீஸ் எடுத்தேன்.
வகுத்தல் கணக்கை அழிக்காமல் அதன் பக்கத்தில்:
'காய்ச்சல், இருமல், வாசனை தெரியலையா, வாங்க.
எந்த ஊருன்னு கேட்க மாட்டோம்.
இல்லைன்னு வந்தாலும் அஞ்சு நாள் தனியா இருங்க.
குச்சி சில நேரம் தப்பாச் சொல்லும்.'
எழுத்து கோணல். ஆனாலும்
வெளி கேட்டிலிருந்து படிக்க முடிந்தது.

மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்
வாசலிலேயே நின்று கேட்டார்:
'இது எந்த ஆணை எண்?'
சுவரைக் காட்டினேன்,
ஏழு தாள் கனத்தில் புடைத்திருந்தது.
அவர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்.
பிறகு டஸ்டர் தேடினார். இல்லை.
தன் கைக்குட்டையாலேயே துடைத்தார்,
பாவம், சுத்தமாகத்தான் துடைத்தார்.
தடுமாறிய ஒரு மூன்றும், வகுத்தல் கோடும் மிஞ்சின.

அவர் ஜீப் கிளம்பியதும்
கையுறை மாற்றிக்கொண்டு
'அடுத்தவர் வரலாம்' என்றேன்.
வரிசை நகரவில்லை.
முன்னால் நின்ற எத்திராஜின் மனைவி
யாரைச் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தாள்.

'வாங்க' என்றேன்.
வந்தாள்.