ஒன்றரை மீட்டர்

வியாழன் இரவு எட்டு மணிக்கு
பீல் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால்,
பியாட் வீட்டு நிலவறையின் கனத்த கதவைத்
தோள் கொடுத்துத் திறக்கிறோம்.
அணுகுண்டுக்கென்று கட்டியது.
இப்போது நாலு சைக்கிள், உடைந்த பனிச்சறுக்குப் பலகை,
ஆப்பிள் சாறுப் போத்தல்கள்,
நடுவில் எங்கள் போர்க்களம்.
இதற்கும் பங்கர் என்றுதான் பெயராம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மந்திரக்காரி பின்னால் நிற்கவேண்டும்
என்று முதல் நாளே லொயிக் சொன்னான்.
கவசக்காரன் முன்னே, வில்லாளி பக்கத்தில்,
படித்தவள் தூணுக்குப் பின்னே ஒளிந்து
நெருப்பை எறிந்தால் போதும்,
மாங்காய்க்குக் கல்லெறிவதுபோல.
அவள் உடம்பில் என்ன இருக்கிறது?
ஒன்பது உயிர்ப்புள்ளி.
கோழி கொத்தினாலே பாதி போய்விடும்.

என் கொற்றி அப்படி நிற்கமாட்டாள்.
(கோட்டி என்கிறார்கள்.
திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்;
அதுவும் பொருத்தம்தான்.)
வலக்கையில் வாள். இடக்கை வெறுங்கை,
மந்திரம் அதில்.
தூரத்துக்கு எறிகிற மந்திரம் ஒன்றுகூட
அவள் ஏட்டில் கிடையாது.
உறைய வைப்பதோ, உறங்க வைப்பதோ,
தொட்டால்தான் பலிக்கும்.

பகல் முழுக்க நான் எறிகிறேன்.
காதில் கருவி, எதிரே வெள்ளைச் சுவர்.
எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ
டாக்டர் ஜெர்மனில் ஒரு சொல் சொல்கிறார்.
அதை எடுத்துத் தமிழாக்கிக்
கம்பி வழியே வீசுகிறேன்.
யார்மேல் விழுந்தது, எங்கே பட்டது,
எனக்குத் தெரியாது.
நாற்காலி நகரும் ஓசை.
யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்.
பிறகு,
‘தங்கச்சி, நீங்கள் எங்கையிருந்து கதைக்கிறியள்?’
அதற்குப் பதில் சொல்ல விதி இல்லை.
நிமிடக் கணக்கில் சம்பளம்.

இன்று பாலத்தில் ஒரு பூதம்.
மூன்று ஆள் உயரம், கையில் தேர்ச்சக்கரம்.
லொயிக்கின் கவசம் நசுங்கிக் கிடக்கிறது.
‘போகிறேன்’ என்றேன்.
‘எங்கே?’
‘கிட்டே.’
பியாட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
அவன் கண்ணாடியைத் துடைத்தால்
யாருக்கோ கெட்ட காலம்.

என் எலும்பை இரும்பாக்கி வைத்திருந்தேன்.
மனம் சிதறாதவரை நிற்கும் மந்திரம் அது;
அடி ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி
மனம் சிதறவில்லை என்று காட்டவேண்டும்.
முதல் அடிக்குப் பதினேழு. நின்றேன்.
இரண்டாவதற்குப் பன்னிரண்டு. நின்றேன்.
இடக்கையை நீட்டி அதன் முழங்காலைத் தொட
உருட்டினேன் இருபது முகப் பகடையை.
ஒன்று.

தாயம்! என்று கத்திவிட்டேன்.
எங்கள் ஆட்டத்தில் ஒன்று விழுந்தால்
காய் இறங்கும், கைதட்டுவார்கள்.
இங்கே ஒன்று விழுந்தால்
காலைச் சறுக்கிக் கழுத்தை முறிக்கும்.
மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
சக்கரம் இறங்கியது.

சுழியம்.
கொற்றி பாலத்தில் கிடக்கிறாள்,
சாகவுமில்லை, பிழைக்கவுமில்லை.
எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும்.
கடைசிக் கணத்தில் பார்த்திருக்கிறேன்:
அந்த முழங்காலில் ஒரு பழைய தழும்பு.
பியாட் அதைச் சொல்லவில்லை.
அவ்வளவு கிட்டப் போனவளுக்குத்தான் தெரியும்.

மிர்ஜெட்டாவின் முறை.
அம்பு எய்வாள் என்று காத்திருந்தோம்.
வில்லைக் கீழே போட்டாள்.
‘அவளிடம் ஓடுகிறேன்’ என்றாள்,
‘எனக்கும் ஒரு குணப்படுத்தல் உண்டு,
தொட்டால்தான்.’
பொம்மையை அல்ல,
மேசைக்கு மேலாகக் கை நீட்டி
என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
சிப்ஸ் உப்பும் எண்ணெயுமாக.

நாலு புள்ளி ஏறியது.

‘இனியாவது பின்னால் நிற்பாயா?’ என்கிறான் லொயிக்.
பகடையை உள்ளங்கைக்குள் மூடி ஊதுகிறேன்.
பூதம் எத்தனை தூரம், பியாட்?
வரைபடத்தில் விரலால் அளக்கிறான்.
ஒன்றரை மீட்டர்.
எழும்பு கொற்றி,
ஓர் எட்டுத்தான்.