மூடினாலும் நித்திரை கொள்ளாதே

கீல் உடைஞ்சுபோச்சு.
திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு.
ஸ்ரான்லி வீதிக் கடைக்காரன்
இரும்பு விலைதான் சொன்னான்.
விக்கேல்லை.

கொக்குவில் வீட்டில்
அரிசி வாளி மூடிக்கு மேல வைச்சு
அதுக்கு நான் முதலில் எழுதின கட்டளை:
மூடினாலும் நித்திரை கொள்ளாதே.

உள்ளே இப்ப மூண்டு குடி.
ஒண்டு அக்காவின்ர கலியாணப் படங்களைக் காக்குது,
ஒண்டு என்ர ரியூசன் கணக்குகளை,
மற்றது சும்மா, நான் பிழைவிட்டுப் பழக.
ஒவ்வொண்டும் முழு வீடும் தன்ரதெண்டு நினைக்குது.
இருக்கிறது எட்டு ஜிபி.
பங்குக் கிணத்தில முறை வைச்சு இறைக்கிற மாதிரி
அளந்து விட்டிருக்கிறன்.
கிணத்துக்குக் கோட்டில வழக்கு நடந்தது,
இங்க இன்னும் இல்லை.

மூண்டாவதை ரெண்டு தரம் கொண்டுபோட்டன்.
போன கிழமை எடுத்துவைச்ச பிரதியிலிருந்து எழும்பி வந்து
ஒண்டும் நடக்காத மாதிரி நிக்குது.

வெள்ளி இரவு கரண்ட் நிண்டிட்டுது.
விசிறி, பிரிஜ், ரவுட்டர், ஒழுங்கை முழுக்க.
குசினியில மட்டும் ஒரு மெல்லிய இரைச்சல்.
பழைய பற்றறி, இருபது நிமிசம் தாங்கும்.
கேட்க ஆளில்லாமல், சொல்ல வழியில்லாமல்
மூண்டு குடியும் விழிச்சிருந்துது.

ரவுட்டர் இல்லாமல்
என்ர போனிலிருந்து ஒண்டையும் நிப்பாட்டேலாது.
தடவிப் போனன். வாளியும் சூடு.
உடைஞ்ச கீலைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு
மாசக்கணக்கில் திறக்காத மூடியைத் திறந்தன்.

பச்சைக் கோடுதான் முதலில் வந்தது.
அந்த வெளிச்சத்தில
வைகுந்தன் நெருப்புப்பெட்டியைக் கண்டெடுத்தான்.