வேர் தடுக்கும்

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிரே
டைப்பிங், ஜெராக்ஸ். பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
நாளைக்கு ஒருதரமாவது
அந்தச் சொல்லை அடித்துவிடுவேன்.
எதிர்மனுவுக்கு அது உப்பு மாதிரி.

"அப்படியொரு பாதை
மனுதாரர் நல்லாயியின் கற்பனையில் மட்டுமே உள்ளது"
வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தேன்.
டீ வந்தது. கை தவறி எண்டர்.

கற்
பனை

அழிக்கப் போனவள் நின்றுவிட்டேன்.
காலையில்தான் அவளுடைய பழைய கிரயப் பத்திரத்தை
நகல் எடுத்திருந்தேன்:
கிழக்கே நட்ட கல்,
தெற்கே ஒற்றைப் பனை,
இதற்குட்பட்ட பூமியும் வண்டித்தடமும்.
தனித்தனியே நின்றால் இரண்டும் சாட்சி.
சேர்த்து எழுதினால் பொய்.

(அங்கயற்கண்ணி டீச்சர் கேட்டால் திட்டுவார்:
அது வேறு சொல், இது வேறு புணர்ச்சி என்று.
தெரியும் டீச்சர்.)

போன மாதம் எனக்கு நெஞ்சு படபடத்தது.
நாலு ரோடு டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துத் தந்தார்:
எல்லாம் நார்மல், உங்க கற்பனைம்மா.
அதே வாரம் ஃபிளாட் விற்கிறவன்
செங்கல்கூட வைக்காத வெறும் மண்ணில் நின்று
இங்கே சோபா, இங்கே ஊஞ்சல்,
கற்பனை பண்ணிப் பாருங்க மேடம் என்றான்.
அட்வான்ஸ் இரண்டு லட்சம்.
நான் செய்தால் நோய்,
அவன் சொன்னால் வியாபாரம்.
மகனின் கணக்கு நோட்டில்
மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம்.
இல்லாத எண்ணுக்கு எதுக்குடா பரீட்சை என்றேன்.
அது இல்லேன்னா கரண்ட் கணக்கே வராதும்மா.

கேஸ் ஆளை நான் போய்ப் பார்க்கக்கூடாது.
ஞாயிற்றுக்கிழமை போனேன்,
ஏற்காடு அடிவாரத்துக்கு, டவுன் பஸ்ஸில்.
மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது.
கல் இருந்த இடத்தில் குழி,
குழியில் மழைத்தண்ணி, தவளைக்குஞ்சு.
பனை இருந்த இடத்தில் ஜேசிபி நிரவிய செம்மண்,
அதற்கப்பால் புதுக் கம்பிவேலி.

நல்லாயி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டு
முன்னால் நடந்தாள், வேகமாக.
நேரே போனவள்
ஒன்றுமில்லாத இடத்தில் வலப்பக்கம் ஒதுங்கி
அரைவட்டம் சுற்றி
மறுபடி நேரே.

ஏன் சுத்திப் போறீங்க என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை.
"வேரு தடுக்கும் கண்ணு,
நீயும் பாத்து வா."

நானும் ஒதுங்கித்தான் போனேன்.

திங்கட்கிழமை
இடைவெளியை அழித்துச் சொல்லைச் சேர்த்தேன்.
நாலு பக்கம்.
வக்கீலிடம் சில்லறை இல்லை, நூறுதான் கொடுத்தார்.