இரண்டு வலக்கைகள்

பெட்டியைத் திறந்தால் முதலில் தெர்மோகோல் வாசனை.
நாற்பது வருஷம் அடைபட்டிருந்த காற்று
என் மூக்கில் வந்து உயிர் விடுகிறது.

மஞ்சள் நிறப் பனிவாரி லாரி.
பன்னிரண்டு திருப்பு திருப்பினால் மனிதன்:
சக்கரங்கள் தோளுக்கு ஏறும்,
பனி தள்ளும் தகடு பிளந்து பாதமாகும்,
ஓட்டுநர் அறையைக் கவிழ்த்தால் முகம்.
கைமுட்டிகள் மட்டும் உடம்போடு வருவதில்லை.
தனியாக, கண்ணாடி போன்ற பாலிதீன் உறையில், ஒரு ஜோடி.

என் உறையில் இருப்பது இரண்டும் வலது.

நான் ஹிகாஷி ஓசாகாவில் திருகாணி சோதிப்பவன்.
காலை எட்டிலிருந்து ஐந்து வரை
மரை பிசகியதைச் சிவப்புத் தொட்டியில் எறிகிறேன்.
வீட்டுக்கு வந்து
பிசகிய ஒன்றைத் துணியால் துடைக்கிறேன்.
சம்பளம் வேறு, சந்தோஷம் வேறு.

இதற்கும் வம்சாவளி உண்டு.
போர் முடிந்த கையோடு
சிப்பாய்கள் குடித்தெறிந்த டப்பாக்களை வெட்டித் தட்டி
ஜீப் செய்தார்கள்; கவிழ்த்துப் பார்த்தால்
வயிற்றுக்குள் பீர் கம்பெனியின் பெயர்.
அப்புறம் சாவி முடுக்கிய தகர மனிதர்கள்,
அப்புறம் காலில் விழுந்தால் விரல் வீங்கும் துத்தநாகம்,
அப்புறம்தான் இந்த இரட்டை வாழ்க்கைக்காரர்கள்:
தரையில் வண்டி, போர்வைக்கடியில் வீரன்.
எங்கோ ஒரு குழந்தை ஏவுகணையை விழுங்கிற்று;
அத்தோடு ஸ்பிரிங்குகள் எல்லாம் சோம்பேறியாயின.
என்னுடையது அதற்கு முந்தியது.
சுட்டால் இன்றும் சுவரில் பட்டுத் திரும்புமாம்.
சுட்டதில்லை.

டோக்கியோவில், கட்சுஷிகாவின் பட்டறைச் சந்துகளில்,
உறைக்கு அரை யென் கூலிக்கு
பெண்கள் வீட்டிலிருந்தே போட்டுக் கொடுத்தார்கள்.
இடது ஒன்று, வலது ஒன்று, வாயை ஒட்டு.
அன்று அவளுக்கு என்ன ஆயிற்று?
தொலைபேசி அடித்ததா, மீன் தீய்ந்ததா,
வந்த குவியலே தப்பா?
கதை கட்டிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை.
ஒட்டிய இடத்தில் பாதிக் கட்டைவிரல் ரேகை.
அவ்வளவுதான் அவள்.

ஆனால் கணக்கென்று ஒன்று இருக்கிறதே:
எங்கோ ஒருவரிடம் இரண்டு இடது இருந்தாக வேண்டும்.

பதினோரு வருஷத் தேடலில் அகப்பட்டாள்,
இத்தாலியில், டுரினில்,
ஒர்னெல்லா ஃபெராரிஸ், டிராம் ஓட்டுபவள்.
மாற்றிக்கொள்வோமா என்று நான் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.
பிழையோடு, ஒட்டுப் பிரியாமல் இருந்தால்
ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை;
பிரித்துச் சரிசெய்தால் அதன் முன்சக்கரம் வாங்கலாம்.

பிப்ரவரியில் வந்தாள்.
நிப்பொன்பாஷியில் ஒரு காபிக் கடை.
சர்க்கரைக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு
இரண்டு மஞ்சள் மனிதர்களை நிறுத்தினோம்.
அவளுடையது வெயிலில் வெளுத்து, குரோம் உதிர்ந்து,
நெஞ்சில் ஒட்டுவில்லை கோணி,
இரண்டு இடக்கையும் மாட்டிக்கொண்டு நின்றது.
என்னுடையது புதுசு. மொட்டை மணிக்கட்டு.

ஏழு வயதில் அவளுக்கு யாரும் சொல்லவில்லையாம்.
ஜப்பானில் ரோபோக்களுக்கு அப்படித்தான் என்று நினைத்தாளாம்.
அரைகுறை ஆங்கிலத்தில் சிரித்தாள்.
பிறகு கேட்டாள்:
"உன்னுடையது எதையாவது பிடித்திருக்கிறதா?"

சட்டைப் பையிலிருந்த உறையைத் தொட்டேன்.
அந்த ரேகையின் மேல் என் கட்டைவிரல்
சரியாக உட்காரவில்லை. எடுத்துவிட்டேன்.

அவள் வற்புறுத்தவில்லை.
தன்னுடையதன் கைகளைக் கழற்றி மேசையில் போட்டாள்.
பார்க்காமலே, நிறுத்தத்தில் கதவு மூடுகிறவள் மாதிரி,
ஏழு விநாடியில் லாரியாக்கினாள்.
நான் எண்ணிக்கொண்டே திருப்பினேன். நான்கு நிமிஷம்.
ஒன்பதாவதில் மூட்டு கீச்சிட்டது;
பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

லாரிக்குக் கை வேண்டாம்.

சர்க்கரைக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.
வெள்ளையாகப் பரவியது.
அவள் அந்தப் பக்கத்திலிருந்து வாரினாள்,
நான் இந்தப் பக்கத்திலிருந்து.
பணிப்பெண் பில்லோடு வந்து
வழி திறக்கும்வரை நின்றாள்.